புக்கிட் ரோத்தானிலிருந்து குடும்பத்தோடு நடக்க: கோலசிலாங்கூர் சதுப்புக்காட்டுச் சுற்று

புக்கிட் ரோத்தானில் இருக்கிறோம், 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே இனிப்புநீர் உள்ள 68 வயது அம்மா. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் தண்ணீரோரமும் காடுமாக ஒரு சுற்று நடந்து வரலாமா, எத்தனை கிலோமீட்டர் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிலோமீட்டர் கணக்கைக் கேட்டாலும், மூன்று பேரையும் அழாமல், விழாமல், தூக்கிச் சுமக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியுமா என்பதே உங்கள் கவலை என்று படுகிறது. முடியும். ஆனால் அதைத் தூரம் தீர்மானிப்பதில்லை. கடல்நீர் ஏறி வற்றும் நேரமும் வெயிலும்தான் தீர்மானிக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை இத்தகைய பாதைகளில் பல ஆண்டுகள் அழைத்துப் போன பழக்கத்தில் சொல்கிறேன்: மேடு பள்ளமே இல்லாத இந்தப் பாதையில் சிரமப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேரம் தவறிப் போனவர்கள்.

இடத்தின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பூங்கா புக்கிட் மெலாவத்திக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. 1987-ல் தொடங்கப்பட்டது, மலேசிய இயற்கைக் கழகம் பல ஆண்டுகள் பராமரித்த இடம். நுழைவாயிலைத் தாண்டியதும் நிழல் தரும் இரண்டாம்நிலைக் காடு, அதாவது பழைய காடு அழிந்தபின் மறுபடி வளர்ந்தது. அதற்கு நடுவில் மனிதர் அமைத்த உவர்நீர் ஏரி, அதன் ஓரத்தில் பறவை பார்க்கும் மறைவிடங்கள். காட்டின் கடல்பக்க எல்லையாக நீண்ட மண்கரை ஓடுகிறது. கடலோர எஸ்டேட்டுகளில் பண்டு என்று சொல்வோமே, அதேதான். கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கப் போட்டது. பண்டுக்கு இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் சதுப்புக்காடு. பண்டிலிருந்து சதுப்புக்குள் ஒரு நடைமேடை கிளையாகப் போகிறது. ஆக, காட்டுப் பாதை, பண்டு, ஏரிக்கரை, மறுபடி நுழைவாயில் என்பது சுற்று. நடைமேடை அதில் ஒட்டிய கிளை. அதை விட்டுவிட்டாலும் சுற்று முழுமையாகிவிடும். பலகைகள் உளுத்துப்போவதும் பழுது பார்க்க மூடுவதும் கடலோர நடைமேடைகளில் வழக்கமாக நடப்பதால், உள்ளே போகுமுன் முகப்பில் அன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளிடம் நடைமேடையை உறுதியாகச் சொல்லி வைக்காதீர்கள்.

நீலக் கடலையும் மணலையும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே கரை முழுக்கச் சேறு. இந்தச் சேற்றைப் பார்க்கத்தான் வருகிறோம் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். பிள்ளைகள் அதை மிக எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

இப்போது நாள் தேர்வு. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே இதற்குப் போதிய அளவு உதவும். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த இரண்டு நாள்களில் நீர் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் அந்த நாள்களில் உயர்ந்த நீர்மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர் வேறுபாடு வரும். அட்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் அதில் பாதிகூட இருக்காது. இந்தக் கரையில் இன்னொரு வசதியும் உண்டு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பெரிய ஏற்றம் விடியற்காலையில் முடிந்து, காலை முழுவதும் நீர் வற்றிக்கொண்டே போய், நண்பகல் வாக்கில் அடி மட்டத்தைத் தொடும். அதாவது நீங்கள் நடக்க நடக்கச் சேறு வெளியே வரும், சேற்றோடு அதில் வாழும் உயிர்களும் வெளியே வரும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நாட்காட்டியை வைத்து வாரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சரியான நேரத்தைப் போர்ட் கிள்ளான் நீர் ஏற்ற அட்டவணையில் பாருங்கள். கோலசிலாங்கூரில் சில நிமிடங்கள் முன்பின் இருக்கலாம். குடும்ப நடைக்கு அந்த வித்தியாசம் பொருட்டில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பெரிய ஏற்றத்துக்கு முந்தைய இரவு மழையும் பெய்திருந்தால் தாழ்வான இடங்களில் பாதை ஈரமாக இருக்கும். வாசல் திறந்ததும் ஓட வேண்டாம், அரை மணி நேரம் பொறுங்கள்.

வெயில் கணக்கு இதைவிட எளிது. காட்டுக்குள் நிழல் உண்டு, பண்டில் கிடையாது. 10 மணிக்குமேல் பண்டில் நிற்பது பெரியவர்களுக்கே கஷ்டம். அதனால் வாசல் திறந்ததும் ஏரிக்கரையில் நேரத்தைச் செலவிடாமல் காட்டுப் பாதையில் நேராகப் பண்டுக்குப் போய்விடுங்கள். பண்டையும் நடைமேடையையும் முடித்துக்கொண்டு, வெயில் ஏறும்போது ஏரியோர நிழலுக்கு வந்து மறைவிடத்தில் உட்காருங்கள். நுழைந்தவுடன் ஏரி கண்ணில் பட்டதால் அங்கேயே ஒரு மணி நேரம் போக்கிவிட்டு, உச்சி வெயிலில் பண்டில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. 11 மணிக்குள் வெளியே வந்துவிடும்படி திட்டமிடுங்கள். 4 வயதுக் குழந்தை நின்று நின்று வேடிக்கை பார்த்தபடி மணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான் போகும். முழுச் சுற்றுக்கும் இரண்டு மணி நேரம், நடைமேடைக்கு இன்னும் அரை மணி ஒதுக்கினால் யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியிருக்காது.

சுற்றுப் பாதையில் ஒரு சிக்கல் உண்டு. போன வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்திலும் மனதை மாற்றிக்கொள்ளலாம். சுற்றுப் பாதையில் பாதிக்கு வந்துவிட்டால் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம்தான். ஆகவே தொடர்வதா திரும்புவதா என்பதைப் பண்டில் ஏறும் இடத்தில் நின்று தீர்மானியுங்கள். அங்கே ஐந்து நிமிடம் உட்காருங்கள். கொண்டுவந்த தண்ணீரில் பாதி தீர்ந்திருந்தாலோ, சின்னவன் தூக்கச் சொல்லிக் கேட்டிருந்தாலோ, அம்மா முழங்காலைத் தடவினாலோ வந்த நிழல் வழியாகவே திரும்பி ஏரிக்குப் போங்கள். அது ஒன்றும் குறைந்த நடை ஆகிவிடாது. ஏரிக்கரையில் நாரைகளும் கொக்குகளும் மீன்கொத்தியும் இருக்கும், மேலே கருடன் வட்டமிடும்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. சிலிப்பர் வேண்டவே வேண்டாம். விலை உயர்ந்த மலையேற்றச் சப்பாத்தும் தேவையில்லை. பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்புக் கித்தாச் சப்பாத்து, ஊரில் கம்போங் அடிடாஸ் என்கிறோமே, அதுவே இந்தப் பாதைக்குப் போதும். அடியில் குமிழ் உண்டு, நனைந்தாலும் கெடாது, சேற்றைக் குழாயில் காட்டினால் போய்விடும். காலுறை போட்டுத்தான் அணிய வேண்டும், இல்லையென்றால் குதிகால் தேயும். அம்மாவுக்கு மட்டும் இது சரிவராது. இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஏற்கெனவே பழகிய, விரல்களுக்கு இடம் தரும் மூடிய சப்பாத்தையே போடச் சொல்லுங்கள். புதுச் சப்பாத்தை அன்று முதன்முறையாகப் போட வேண்டாம். ஈரப் பலகையில் பாசி படிந்திருந்தால் எந்தச் சப்பாத்தும் பிடிக்காது. அங்கே ஆணி வரிசையைப் பார்த்து நடங்கள். ஆணி அடித்த கோட்டின் கீழ்தான் தாங்கும் சட்டம் ஓடுகிறது. பலகை நடுவில் உளுத்துப்போனாலும் அந்தக் கோடு தாங்க வாய்ப்பு அதிகம். அடி சிறிதாக, பாதம் முழுவதும் பதிய வைத்து நடக்க வேண்டும். தள்ளுவண்டி கொண்டுபோகாதீர்கள், பலகை இடுக்கில் சக்கரம் மாட்டும்.

கைப்பிடியைப் பிடிக்குமுன் கண்ணால் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சதுப்புக்காட்டு விரியன் பாம்பு பகலில் கிளையிலோ கைப்பிடியிலோ அசையாமல் சுருண்டு கிடக்கும். துரத்தி வராது, ஆனால் தெரியாமல் கை வைத்தால் கடிக்கும். பாம்பைக் காண்பது அரிது. என்றாலும் பார்த்துவிட்டுப் பிடி என்ற ஒரு விதி போதும், அச்சம் தேவையில்லை. பாதையில் உடும்பு குறுக்கிட்டால் நின்று வழிவிடுங்கள், அதுவாகப் போய்விடும்.

செடிகளில் ஒன்றை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியக் கடலோரச் சதுப்புகளின் உள்பக்க விளிம்பில் வளரும் பூத்தா-பூத்தா மரம். மலாயில் அதற்குக் குருடு என்று பொருள். நமக்கு இது அயல் மரமல்ல. சிதம்பரத்தின் தல விருட்சமான தில்லை இதுதான், தில்லை என்ற ஊர்ப்பெயரே இதிலிருந்து வந்தது. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். அது தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும், கண்ணில் பட்டால் தற்காலிகப் பார்வை இழப்பும் வரலாம். சதுப்பில் எந்த இலையையும் கிள்ளக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் மரத்தை அடையாளம் காண வேண்டிய தேவையே இல்லை. தப்பித் தவறிக் கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது ஊற்றிக் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

குரங்குகள் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கேட்பார்கள். இரண்டு வகை இருக்கின்றன, இரண்டிடமும் நடந்துகொள்ளும் விதம் வேறு. லோத்தோங் என்ற வெள்ளிச் சாம்பல் நிறக் குரங்கு சாதுவானது, கூட்டமாக மரத்தில் இலை தின்னும். அதன் குட்டி பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறந்து சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறும். தாயின் மடியில் அந்தச் சின்ன ஆரஞ்சு உருண்டையைக் கண்டுவிட்டால் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். மாட்டுக்கு இருப்பதுபோல் அதற்கும் பல அறை கொண்ட இரைப்பை. இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும். ரொட்டியும் இனிப்பும் கொடுத்தால் அந்தப் புளிப்பு கெட்டு விலங்கு நோயாகும். மேலே குன்றில் மக்கள் தீனி கொடுப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். மற்றது கெரா, நீண்ட வால் குரங்கு. இது துணிச்சலானது. பிளாஸ்டிக் பையைக் கண்டாலே உணவென்று பிடுங்கும். கையில் எந்தப் பையும் இருக்கக் கூடாது. தின்பண்டம் மூடிய டப்பாவில், டப்பா முதுகுப்பைக்குள், ஜிப் பூட்டியபடி. காட்டுக்குள் திறக்கவே வேண்டாம். கெரா நெருங்கி வந்தால் கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். அதை அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம். ஓடாமல், சின்னவனைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு கீறல்தானே என்று விடக் கூடாது. எந்த ஊசி தேவை என்பதை அவர் முடிவு செய்வார். வட்டாரத்தின் அரசு மருத்துவமனை தஞ்சோங் காராங்கில் இருக்கிறது.

நடைமேடை திறந்திருந்தால் அதில் வேகமாகப் போகாதீர்கள். ஓரிடத்தில் நின்று, ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் இருங்கள். காலடி அதிர்வில் எல்லாம் வளைக்குள் ஒளிந்துகொள்ளும், அதிர்வு நின்றால் ஒவ்வொன்றாக வரும். முதலில் நண்டு. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது. அதை உயர்த்தி உயர்த்தி, யாரையோ வா வா என்று கூப்பிடுவதுபோல் ஆட்டும். பிறகு பெலாச்சாக் மீன். இது மீனாக இருந்தும் சேற்றின் மேல் முன்துடுப்பை ஊன்றித் தவழும், வாலால் உந்தித் தாவும். செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, ஈரமான தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. அதனால்தான் அடிக்கடி உருண்டு உடம்பை நனைத்துக்கொள்ளும். தலைமேல் துருத்திய கண்களைக் குழிக்குள் இழுத்து நனைத்து மறுபடி வெளியே தள்ளும். 9 வயதுப் பிள்ளைக்கு இதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுங்கள். மரங்களில் இரண்டைக் காட்டினால் போதும்: பாக்காவ், அதாவது சுரபுன்னை இனம், வளைந்த முட்டுக் கால்களில் நிற்கும், அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீண்ட முருங்கைக்காய்போல் வளர்ந்து பிறகு விழும். அப்பி-அப்பி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நிற்கும். காற்றில்லாத சேற்றில் அவைதான் மரத்துக்கு மூக்கு. வெயில் ஏறிய நேரத்தில் அப்பி-அப்பி இலையை உற்றுப் பார்த்தால் மரம் வெளியேற்றிய உப்புத் துகள் மினுங்கும். பார்ப்பது மட்டும். நீர்நாய்க் கூட்டத்தையும் சிலர் இங்கே காண்பதுண்டு. அதை யாரும் உறுதி சொல்ல முடியாது, நீங்களும் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வலசைப் பறவைகளுக்கு மட்டும் காலம் உண்டு: செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வந்து இந்தச் சேற்றில் இரை தேடும்.

கொசு நிறைய. வெளிர் நிற முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை போடுங்கள். கொசு விரட்டித் தைலத்தில் டீட் என்ற வேதிப்பொருள் 10 முதல் 30 விழுக்காடு இருந்தால் போதும்; பிள்ளையின் உள்ளங்கையிலும் கண், வாய் ஓரத்திலும் பூசாதீர்கள், உங்கள் கையில் எடுத்து அவர்களுக்குத் தடவுங்கள். வெயில் பசை போடுவதானால் அது முதலில், கொசுத் தைலம் அதன் மேல். தண்ணீர் பெரியவருக்கு 1 லிட்டர், பிள்ளைக்கு அரை லிட்டர். தாகம் எடுத்த பிறகு அல்ல, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு. அம்மா காலையில் மருந்து போட்டுவிட்டுப் பசியாறாமல் கிளம்பக் கூடாது. நடுவில் கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் உடனே உட்காரவைத்து மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி அதே அளவு கொடுத்து, உதவிக்கு ஆளை அழையுங்கள். சீனியை வீட்டிலேயே அளந்து சின்னப் புட்டியில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், இனிப்பு மிட்டாயை நம்ப வேண்டாம். மெல்லவும் கரையவும் நேரமாகும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அன்றைய அளவு பற்றி முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடியைப் பற்றிப் பெரிதாக எண்ணாதவர்கள் அதிகம். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். அது காலை நடையைத் தொடாது. ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையிலும் காலையிலும் காற்றோடு மழை திடீரென வரும். மேற்கு வானம் கறுத்துக் குளிர்ந்த காற்று வீசினால் அதுதான். திறந்த பண்டில் மிக உயரமாக நிற்பது நீங்கள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைந்தால் பண்டைவிட்டு இறங்கி வாசல் கட்டடத்துக்கோ காருக்கோ போங்கள். தனி மரத்தடியும் பறவைக் கோபுரமும் ஒதுங்கும் இடம் அல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் இந்த நடையை வேறு வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

வெளியே வந்ததும் பிள்ளைகளுக்கு இன்னும் தெம்பிருந்தால் புக்கிட் மெலாவத்திக்கு ஏறலாம். அம்மாவுக்காக டிராம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். 1784-ல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்து அல்திங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்டார். 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. காலையில் நடந்த காட்டின் பச்சைப் பரப்பும் அப்பால் நீரிணையும் அங்கிருந்து தெரியும். எந்தப் பக்கம் நடந்தோம் என்று பெரியவனைக் கைகாட்டச் சொல்லுங்கள். அதே நாள் இரவே கம்போங் குவாந்தான் மின்மினிப் படகையும் சேர்த்துக்கொள்ள நினைக்காதீர்கள். 4 வயதுக்கு அது தாங்காது, அதற்குத் தனி மாலை வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சேறு பட்ட கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, அம்மாவின் பாதத்தை விரலிடுக்கு வரை வெளிச்சத்தில் பாருங்கள். ஏரியிலும் வாய்க்காலிலும் யாரையும் இறங்க விடக் கூடாது என்பது முதலை பயத்துக்காக மட்டுமல்ல, எலிக் காய்ச்சலுக்காகவும்தான். தேங்கிய நீரிலுள்ள கிருமி சிறு வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். இரண்டு, மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கிளினிக்கில் முதல் வார்த்தையாகச் சதுப்புக்குப் போய்வந்தோம் என்று சொல்லுங்கள்.